பொருளும் பொருளும்: மூலக்கூறு உயிரியலும் வணிகமும் ஒரே பட்டத்தில் இணைந்த வரலாறு

நாம் தமிழ் பயிற்றும் வகுப்புகளில் தமிழ் இலக்கிய மாணவரைவிடப் பிற துறையினரே மிகுதி. பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்திற்காக இயற்பியலார், வணிகவியலார், உயிரித் தொழில்நுட்பத்தார் எனப் பலரும் முதலாண்டில் வந்து அமர்வர். அத்தகைய வகுப்பொன்றில் குறளின் பொருட்பாலைப் பற்றிப் பேசி முடித்த வேளையில், உயிரித் தொழில்நுட்பம் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, அமெரிக்காவில் உயிரியலையும் வணிகத்தையும் சேர்த்து நான்கு ஆண்டில் படிக்கலாமாம். அப்படிப் படிப்பது சரியா?" என்று கேட்டாள். 'முடியுமா' என்று அவள் கேட்கவில்லை. 'சரியா' என்றே கேட்டாள். படித்துப் பார்த்துச் சொல்கிறோம் என்று அன்று விடைபெற்றோம். அவ்வாறு படித்ததன் விளைவே இக்கட்டுரை.

தமிழில் 'பொருள்' என்னும் சொல் ஒன்றே பலவற்றைச் சுட்டும். கையால் தொடக்கூடிய பருப்பொருளும் பொருள். பொன்னும் பணமும் பொருள். சொல்லின் உட்கருத்தும் பொருள். உயிரணுவுக்குள் இருக்கும் மூலக்கூறு முதல்வகைப் பொருள்; வணிகம் தேடுவது இரண்டாம் வகைப் பொருள். இவ்விரண்டையும் ஒரே இளைஞர் ஒரே காலத்தில் கற்க வேண்டும் என்ற எண்ணம் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் திடீரென்று முளைத்ததன்று. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்கதை உண்டு. அக்கதையில் இன்சுலின் என்னும் மருந்து மீண்டும் மீண்டும் வருவதால், அதனையே கைவிளக்காகக் கொண்டு நடப்போம்.

ஒரு டாலர்

1921–22ஆம் ஆண்டுகளில் கனடாவின் டோரன்டோ பல்கலைக்கழகத்தில் இன்சுலின் கண்டறியப்பட்டது. அதுவரை நீரிழிவு முற்றிய சிறார்க்கு மருத்துவர் அளிக்கக்கூடியது பட்டினி உணவு ஒன்றே. புதிய மருந்தின் காப்புரிமையை 1923இல் பேன்ட்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திற்கு எழுதிக் கொடுத்தனர். மருந்தைப் பேரளவில் ஆக்கும் திறன் ஆய்வுக்கூடத்தில் இல்லை. ஆகவே அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தோடு பல்கலைக்கழகம் உடன்பாடு செய்துகொண்டது. பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கும் தொழில் அவ்வாறு தொடங்கிற்று.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். வணிகம் வேண்டாம் என்று அவ்வறிஞர்கள் ஒதுங்கிவிடவில்லை. நிறுவனம் இல்லையேல் மருந்து நோயாளியைச் சென்று சேராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் அறிவியலார் ஒரு கரையிலும் வணிகர் மறு கரையிலும் நின்றனர். இடையே பல்கலைக்கழகம் பாலமாக இருந்தது. இரு கரையையும் அறிந்த ஒருவர் வேண்டும் என்று அன்று எவரும் கருதவில்லை.

இரு துறைகளின் பிறப்பு

வணிகம் பல்கலைக்கழகத்திற்குள் நுழைந்ததே அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்னர்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி 1881இல் தோன்றியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1898இல் வணிகக் கல்லூரி நிறுவப்பட்டது. இன்று ஹாஸ் வணிகப் பள்ளி என வழங்குவது அதுவே. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1914இல் பொறியியலோடு நிர்வாகத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. பொறியியலுக்கும் வணிகத்திற்கும் உறவு கற்பித்தல் எளிது. பாலமும் இருப்புப்பாதையும் கணக்கின்றி எழுவதில்லை. உயிரியலோ அப்போது தாவரங்களையும் விலங்குகளையும் வகைப்படுத்தும் துறையாகவே பெரிதும் நின்றது. வணிகத்திற்கு அதனிடம் கேட்க ஒன்றுமில்லை.

மூலக்கூறு உயிரியல் என்னும் பெயரோ வியப்பான வழியில் வந்தது. அதனைச் சூட்டியவர் ஆய்வுக்கூட உயிரியலார் அல்லர். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையில் இயற்கை அறிவியல் நல்கைகளைப் பங்கிட்ட வாரன் வீவர் என்னும் கணித அறிஞர், 1938ஆம் ஆண்டு அறிக்கையில் அப்பெயரை வழங்கினார். உயிரை அதன் மிகச் சிறிய கூறுகளின் நிலையில் ஆராயும் முயற்சிகளுக்கு அவ்வறக்கட்டளை தொடர்ந்து நிதியளித்தது. அந்நிதியின் ஊற்று ஸ்டாண்டர்டு ஆயில் என்னும் எண்ணெய் நிறுவனத்தின் செல்வம். எனவே பெயர் பெற்ற நாள்தொட்டே இத்துறை பணத்தை அறியாதது என்று கூறுதல் பொருந்தாது. எனினும் அப்பணம் அறக்கொடையாக வந்தது. இலாபத்தில் பங்கு கேட்கவில்லை.

பெர்க்லியில் வெண்டல் ஸ்டான்லி 1948இல் வைரஸ் ஆய்வகத்தை அமைத்தார். புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கிக் காட்டி 1946இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஒரே வளாகத்தில் ஒரு கட்டடத்தில் வைரஸும் இன்னொரு கட்டடத்தில் வரவு செலவும் கற்பிக்கப்பட்டன. இரண்டிற்கும் இடையே நடந்து செல்லச் சில நிமிடங்களே ஆகும். ஆனால் அவ்வழியே மாணவர் நடந்து செல்வதற்கு எழுபது ஆண்டுகள் ஆயின.

பத்து நிமிடம்

மாற்றம் 1970களில் வந்தது. ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி கோஹன், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தின் ஹெர்பர்ட் பாயர் ஆகிய இருவரும் 1972ஆம் ஆண்டு நவம்பரில் ஹவாயில் நடந்த கருத்தரங்கில் சந்தித்தனர். பாயரிடம் டி.என்.ஏ. இழையைக் குறித்த இடத்தில் வெட்டும் நொதி இருந்தது. கோஹனிடம், பாக்டீரியாவுக்குள் தனித்து இயங்கும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையங்களைக் கையாளும் திறன் இருந்தது. இரண்டையும் சேர்த்தால், ஓர் உயிரின் மரபணுவை வெட்டி வளையத்தில் பொருத்திப் பாக்டீரியாவுக்குள் செலுத்தலாம்; பாக்டீரியா பெருகுந்தோறும் அம்மரபணுவும் பெருகும். 1973இல் அதனைச் செய்து காட்டினர்.

இச்செய்தியை நாளிதழில் கண்ட ஸ்டான்ஃபோர்டின் உரிம அலுவலர் நீல்ஸ் ரைமர்ஸ், காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கோஹன் முதலில் தயங்கினார். அடிப்படை ஆய்வுக்குக் காப்புரிமை தகுமா என்பது அவர் ஐயம். 1974இல் விண்ணப்பம் போயிற்று. 1980 டிசம்பரில் உரிமை கிடைத்தது. 1997இல் அது காலாவதியாகும்வரை 468 நிறுவனங்கள் அதற்கு உரிமம் பெற்றன. இரு பல்கலைக்கழகங்களுக்கும் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 25.5 கோடி டாலர்.

இதற்கிடையில் 1976 சனவரியில் ராபர்ட் சுவான்சன் என்ற 28 வயது இளைஞர் பாயரைத் தொலைபேசியில் அழைத்தார். துணிகர முதலீட்டு நிறுவனம் ஒன்றில் வேலையிழந்திருந்த காலம் அது. பாயர் ஒதுக்கிய நேரம் பத்து நிமிடம். பேச்சு மதுக்கடைவரை நீண்டு மூன்று மணிநேரம் சென்றது. இருவரும் ஆளுக்கு 500 டாலர் போட்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் ஜெனென்டெக் பிறந்தது.

நம் கட்டுரைக்கு வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. இந்தச் சுவான்சன் யார்? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1970இல் வேதியியலில் இளநிலைப் பட்டமும், அதே ஆண்டு அதே கழகத்தின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியில் முதுநிலைப் பட்டமும் பெற்றவர். மூலக்கூறின் மொழியும் முதலீட்டின் மொழியும் ஒருசேர அறிந்தவர். மரபணுவை வெட்டி ஒட்டலாம் என்பதை உலகின் பல அறிவியலார் அறிந்திருந்தனர்; புதிய துறைகளில் பணத்தை இடலாம் என்பதை வணிகர் பலர் அறிந்திருந்தனர். மரபணு ஒட்டலை ஒரு தொழிலாக இப்போதே தொடங்கலாம் என்று துணிவதற்கு இரண்டையும் ஓரளவேனும் அறிந்த மனம் தேவைப்பட்டது. பிற்காலத்து இரட்டைப் பட்டங்களின் மூல வடிவம் இவ்விளைஞரே எனின் மிகையன்று.

ஜெனென்டெக் 1977இல் சொமாட்டோஸ்டாட்டின் என்னும் சிறு இயக்குநீரையும், 1978இல் மனித இன்சுலினையும் பாக்டீரியாவைக் கொண்டு ஆக்கியது. உற்பத்தியையும் விற்பனையையும் ஏற்றது, டோரன்டோவோடு முன்பு உடன்பாடு செய்த அதே எலி லில்லி. 1982இல் அமெரிக்க அரசு அம்மருந்தை ஏற்றது. பன்றியின் கணையத்திலிருந்து வந்த மருந்து அறுபது ஆண்டுகளில் பாக்டீரியாவின் வழியே வந்தது.

1980

சில ஆண்டுகள் வரலாற்றில் முடிச்சுகளாக அமைகின்றன. 1980 அத்தகையது. அவ்வாண்டு சூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆனந்த சக்கரவர்த்தி என்னும் வங்காள அறிவியலார் எண்ணெய்க் கசிவை உண்ணுமாறு மாற்றியமைத்த பாக்டீரியாவுக்குக் காப்புரிமை வழங்கலாம் என்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அக்டோபரில் ஜெனென்டெக் பங்குச் சந்தைக்கு வந்தது. 35 டாலருக்கு விடப்பட்ட பங்கு ஒரு மணிநேரத்திற்குள் 88 டாலரைத் தொட்டது. டிசம்பரில் பே–டோல் சட்டம் நிறைவேறியது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள அச்சட்டம் வழிசெய்தது.

அதே ஆண்டு இறுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஒரு சோதனையைச் சந்தித்தது. தன் பேராசிரியர் ஒருவர் தொடங்கவிருந்த மரபணு நிறுவனத்தில் பல்கலைக்கழகமே பங்குதாரராகலாமா என்பது கேள்வி. ஆசிரியர்களிடையே கடும் விவாதம் எழுந்தது. தலைவர் டெரெக் பாக் வேண்டாம் என முடிவு செய்தார். ஆசிரியரின் பதவி உயர்வையும் மாணவரின் ஆய்வுத் தலைப்பையும் முடிவுசெய்யும் நிறுவனம், அவ்வாசிரியரின் தொழிலில் பங்கும் வைத்திருந்தால் நடுநிலை எவ்வாறு நிற்கும் என்பதே விவாதத்தின் உயிர்நிலை. பாலமாக நின்ற பல்கலைக்கழகம் ஒரு கரையின் வணிகராகவே மாறிவிடலாம் என்ற அச்சம் அன்று வெளிப்படையாகப் பேசப்பட்டது.

நள்ளிரவும் நல்கையும்

அவ்வச்சம் வீணன்று. 1978ஆம் ஆண்டின் கடைசி நாள் நள்ளிரவில், பல்கலைக்கழகத்தை விட்டு ஜெனென்டெக்கில் சேர்ந்திருந்த ஆய்வாளர் ஒருவர், தம் பழைய ஆய்வகத்திற்குச் சென்று தாம் பணிபுரிந்த வளர்ச்சி இயக்குநீரின் டி.என்.ஏ. மாதிரிகளை எடுத்துவந்தார். தம் உழைப்பில் விளைந்தவை மீது தமக்கு உரிமையுண்டு என்பது அவர் நிலை; பல்கலைக்கழகத்தின் உடைமை என்பது மற்றொரு நிலை. பின்னர் எழுந்த காப்புரிமை வழக்கு 1999 நவம்பரில் ஜெனென்டெக் 20 கோடி டாலர் தர இசைந்ததோடு முடிந்தது. அடுத்த மாதமே சுவான்சன் மூளைப் புற்றுநோயால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 52.

முன்னெல்லாம் ஓர் ஆய்வகத்தார் மற்றோர் ஆய்வகத்தாருக்கு மாதிரிகளை அஞ்சலில் அனுப்பிவைப்பது வழக்கம். ஒரு குப்பியின் விலை கோடிகளில் பேசப்படும் என்று தெரிந்தபின், அதே குப்பியைக் கொடுக்க எவர் கை தயங்காது? வணிகம் அறிவியலுக்குப் பணத்தை மட்டும் கொண்டுவரவில்லை, தயக்கத்தையும் கொண்டுவந்தது.

பெர்க்லி இப்பாடத்தை வேறு வகையில் கற்றது. 1998இல் அதன் தாவர, நுண்ணுயிர் உயிரியல் துறைக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் ஐந்தாண்டுகளில் 2.5 கோடி டாலர் அளிக்க இசைந்தது. கைம்மாறாக, துறையின் கண்டுபிடிப்புகளில் மூன்றிலொரு பங்குவரை உரிமம் பேசும் முதல் வாய்ப்பு நிறுவனத்திற்கு. நிதியைப் பங்கிடும் ஐவர் குழுவில் இரண்டு இடங்களும் அதற்கே. தனி ஆசிரியரோடு உடன்பாடு செய்வது பழக்கமானது; ஒரு துறை முழுவதோடும் உடன்பாடு என்பது புதுமை. மாணவரும் ஆசிரியரும் இரு அணியாயினர். 2004இல் வெளியார் குழு ஒன்று ஆராய்ந்து, முழுத் துறையையும் பிணைக்கும் இத்தகைய உடன்பாடுகளைத் தவிர்த்தல் நலம் என்று அறிவுரை கூறியது. எதிர்ப்பாளர் அஞ்சிய அளவு தீங்கும் நேரவில்லை. ஆதரவாளர் எதிர்பார்த்த அளவு பயனும் விளையவில்லை. உடைந்தது பொதுமக்களின் நம்பிக்கை.

பட்டம் பிறக்கிறது

இவ்வளவும் நடந்தபின்னரே பட்டம் வந்தது. இவ்வரிசையை மறத்தல் கூடாது. முதலில் நட்பு, பின் நிறுவனம், பின் சட்டம், பின் வழக்கு, அதன்பின்னரே பாடத்திட்டம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2000களின் நடுப்பகுதியில், ராய் வேஜலோஸ், டயானா வேஜலோஸ் இணையரின் கொடையால், உயிரறிவியலும் மேலாண்மையும் இணைந்த இளங்கலைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 25 மாணவரே சேர்க்கப்படுவர். அவர்கள் கலை அறிவியல் கல்லூரியில் ஒரு பட்டமும் வார்ட்டன் பள்ளியில் ஒரு பட்டமும் பெறுவர். ஒரு பருவத்தில் ஆய்வகத்தில் கைநனைய வேண்டும். இன்னொரு பருவத்தில் நிறுவனத்தில் பணிபுரிய வேண்டும்.

பெர்க்லி 2010களின் இறுதியில் இவ்வழிக்கு வந்தது. அதன் மூலக்கூறு–உயிரணு உயிரியல் துறையும் ஹாஸ் வணிகப் பள்ளியும் சேர்ந்து இரட்டைப் பட்டத் திட்டம் ஒன்றை உருவாக்கின. பின்னர் கொடையாளர் பெயரால் அது ராபின்சன் திட்டம் எனப்பட்டது. உயிர்வேதியியல், மரபியல், ஆய்வகப் பயிற்சி ஒருபுறம். கணக்கியல், நிதி, சந்தை, தொழில்முனைவு மறுபுறம். எழுபது ஆண்டுகளாக எதிரெதிரே இருந்த கட்டடங்களுக்கு இடையே மாணவர் நடக்கத் தொடங்கினர்.

தமிழாசிரியர் கண்ணில் படும் ஒரு நுட்பம் இங்குண்டு. பெர்க்லியில் உயிரியலுக்கு அளிக்கப்படுவது 'கலையியல் இளங்கலை'. வணிகத்திற்கு அளிக்கப்படுவது 'அறிவியல் இளங்கலை'. பென்சில்வேனியாவிலும் அவ்வாறே. மரபணுவை அறிவது கலையாம். பணத்தை எண்ணுவது அறிவியலாம்! இது பழைய கல்லூரி விதிகளின் எச்சம் என்பதை நாம் அறிவோம். ஆயினும் பட்டப் பெயர்கள் துறைகளின் இயல்பைச் சொல்வதில்லை, நிறுவனங்களின் வரலாற்றையே சொல்கின்றன என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பதரிது.

இளங்கலையிலேயே இரண்டையும் சேர்ப்பானேன்? முதுநிலையில் கற்றால் போதாதா? முதுநிலை வழியும் உண்டு. 1997இல் கலிபோர்னியாவில் நிறுவப்பெற்ற கெக் பட்டமேற்படிப்புக் கழகம் உயிரறிவியலையும் தொழிலையும் இணைத்தே எழுந்தது. இளங்கலைத் திட்டத்தார் கூறும் நியாயம் வேறு. ஒரு மருந்து ஆய்வகத்திலிருந்து நோயாளியிடம் வரப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். இடையில் முதலீட்டாளர், காப்புரிமையாளர், அரசு அலுவலர், மருத்துவர் எனப் பலர் அமர்ந்து முடிவெடுப்பர். அவ்வறையில் அறிவியலாரின் பேச்சு வணிகருக்கு விளங்குவதில்லை. வணிகரின் கணக்கு அறிவியலாருக்கு விளங்குவதில்லை. இரு மொழியையும் இளமையிலேயே கற்றவர் வேண்டும் என்பர். இரண்டாம் மொழியை இளமையில் கற்றாலே நாவில் பழகும் என்பதை மொழியாசிரியராகிய நாம் மறுக்க முடியாது.

எதிர்க்கட்சியும் வலியதே. நான்காண்டுக் காலம் நீள்வதில்லை. கணக்கியலுக்கு ஒதுக்கிய நேரம், தோற்ற ஆய்வொன்றை மீண்டும் செய்து பார்க்கும் நேரத்திலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும். மற்றொன்று, பதினெட்டு வயதில் 'இதற்குச் சந்தை உண்டா' என்று கேட்கப் பழகிய மனம், சந்தையில்லாத வினாக்களை நோக்கித் திரும்புமா? கோஹனும் பாயரும் ஹவாயில் பேசியபோது எந்தச் சந்தையும் அவர்கள் கண்முன் இல்லை என்பதை நினைக்க வேண்டும்.

கொடையும் விலையும்

இவ்விரு கட்சிகளுக்கும் நடுவே வேஜலோஸின் வாழ்வைச் சான்றாக வைக்கலாம். அவர் கொழுப்பமிலங்களை ஆராய்ந்த உயிர்வேதியியலார். 1975இல் மெர்க் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்கும், 1985இல் நிறுவனத்திற்கே தலைமைக்கும் வந்தவர். அந்நிறுவனம் கால்நடைக்கென ஆக்கிய ஐவர்மெக்டின், ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளில் மக்களைக் குருடாக்கும் புழுநோய்க்கும் மருந்தாகும் எனத் தெரியவந்தது. அந்நோயாளிகளால் எவ்விலையும் கொடுக்க இயலாது. அரசுகளும் பணம் தர முன்வரவில்லை. 1987இல் அம்மருந்தை வேண்டுமளவு, வேண்டுங்காலம்வரை இலவசமாக அளிப்பதாக மெர்க் அறிவித்தது. கொடுத்தால் நிறுவனம் தாங்குமா என்று கணக்கிடவும், கொடுத்தால் நோய் குறையுமா என்று அறியவும் ஒருங்கே வல்லவர் தலைமையில் இருந்தமை இம்முடிவுக்குத் துணைநின்றது. இரண்டறிவு ஒருவரிடம் கூடினால் நிகழக்கூடிய நன்மைக்கு இது சான்று.

இனி நம் கைவிளக்காகிய இன்சுலினுக்குத் திரும்புவோம். மரபணு மாற்றத்தால் ஆக்கப்பட்ட ஹுமலாக் என்னும் இன்சுலின் வகை அமெரிக்காவில் 1996இல் வந்தபோது ஒரு குப்பியின் பட்டியல் விலை 21 டாலர். 2010களின் இறுதியில் அது 270 டாலரைக் கடந்தது. குப்பிக்குள் இருந்த மூலக்கூறு மாறவில்லை. காப்புரிமைகள், காப்பீட்டு நிறுவனங்கள், இடைத்தரகர் தள்ளுபடிகள் ஆகியவற்றின் பின்னலே விலையை ஏற்றியது. அமெரிக்க நோயாளிகள் சிலர் மருந்தை அளவு குறைத்துப் போட்டுக்கொள்ளும் நிலை வந்தது. மக்களின் சினமும் அரசின் அழுத்தமும் பெருகியபின் 2023இல் லில்லி தன் பெரிதும் வழங்கும் இன்சுலின்களின் பட்டியல் விலையை 70 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தது. ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தவர்களின் மருந்து நூறாண்டில் நடந்த வழி இது. இப்பின்னலை நெய்தவர்களும் இரு துறையும் அறிந்த திறமையாளரே. இரண்டறிவு ஒருவரிடம் கூடினால் நிகழக்கூடிய தீமைக்கு இது சான்று.

நீலகிரி

இவ்வரலாறு நம் மண்ணையும் தொடுகிறது. 1949இல் லீனஸ் பாலிங்கும் உடன் ஆய்ந்தோரும் அரிவாள் செல் இரத்தசோகையை ஆராய்ந்து, அதனை 'மூலக்கூறு நோய்' என்றனர். இரத்தத்தின் ஹீமோகுளோபின் மூலக்கூறில் நேர்ந்த சிறு மாற்றம் சிவப்பணுவை அரிவாள் வடிவாக வளைத்து, நுண்குழாய்களை அடைத்து, தாங்கொணா வலியைத் தருகிறது. ஒரு நோயின் காரணத்தை மூலக்கூறு அளவில் மருத்துவ உலகம் கண்டது அதுவே முதன்முறை. மூன்றாண்டு கழித்து, 1952இல், ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷ்ஷும் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அக்கூறு உள்ளதைக் கண்டு வெளியிட்டனர். இந்தியாவில் அது பதிவுபெற்ற தொடக்க நிகழ்வுகளுள் ஒன்று அது.

மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையைப் பெர்க்லியின் ஜெனிஃபர் டவுட்னாவும் இமானுவேல் ஷார்பான்டியேவும் 2012இல் வெளியிட்டனர்; 2020இல் நோபல் பரிசு பெற்றனர். அம்முறையைக் கொண்டு ஆக்கிய முதல் மருத்துவம் அரிவாள் செல் நோய்க்கே. நோயாளியின் எலும்பு மச்சையிலுள்ள மூல அணுக்களை எடுத்துத் திருத்தி, கருவில் இருந்தபோது சுரந்த நல்ல ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கச் செய்து உடலில் சேர்ப்பர். 2023 டிசம்பரில் அமெரிக்க அரசு அதனை ஏற்றது. விலை 22 இலட்சம் டாலர். அதே 2023இல் இந்திய அரசு இந்நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. அதன் கருவிகள் இரத்தப் பரிசோதனையும், விலை குறைந்த பழைய மாத்திரைகளும், திருமணத்திற்கு முன் அறிவுரையும்.

நோய் ஒன்றே. நீலகிரியில் வலியால் துடிக்கும் குழந்தையின் மூலக்கூறும் அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருக்கும் குழந்தையின் மூலக்கூறும் ஒன்றே. இடையே நிற்பது விலை. அவ்விலையை வகுத்தவர் யார், குறைக்கவல்லார் யார் என்ற கேள்விக்கு உயிரியல் மட்டும் கற்றவர் விடை சொல்ல முடியாது. வணிகம் மட்டும் கற்றவரும் சொல்ல முடியாது.

மாணவிக்கு மறுமொழி

அம்மாணவியிடம் நாம் சொல்லப்போவது இதுவே. படிக்கலாம் அம்மா, படிக்கவே வேண்டும் என்றுகூடச் சொல்வோம். விலையைப் புரிந்துகொள்ளாத அறிவியலார் தம் கண்டுபிடிப்பைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு நிற்க நேரும். மூலக்கூறைப் புரிந்துகொள்ளாத வணிகர் எதனை விற்கிறோம் என்றறியாமல் விற்க நேரும். இரண்டையும் கற்றவர் கையில் மிகுந்த ஆற்றல் சேர்கிறது. அவ்வாற்றல் ஐவர்மெக்டினாகவும் முடியலாம். 270 டாலர்க் குப்பியாகவும் முடியலாம். எதுவாக முடியும் என்பதை அப்பட்டங்களின் பாடப்பட்டியல் முடிவு செய்வதில்லை.

பொருள் என்ற சொல்லின் இரு பொருள்களை முதலில் கூறினோம். அதே சொல்லிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லும் தமிழில் உண்டு: 'பொருட்டு'. யார் பொருட்டு என்னும் அக்கேள்வியை டோரன்டோவில் மூவர் ஒரு டாலரைப் பெற்றுக்கொண்டபோது கேட்டிருந்தனர். ஹார்வர்டில் 1980இல் ஆசிரியர்கள் கூடிக் கேட்டனர். பெர்க்லியில் மாணவர்கள் கேட்டனர். நம் வகுப்பில் எழுந்து 'முடியுமா' என்னாது 'சரியா' என்று கேட்ட பெண்ணும் அதனையே கேட்டாள். இரண்டு பட்டம் பெற்றாலும், ஒரு பட்டமும் பெறாவிடினும், அக்கேள்வியை அவள் கைவிடாதிருக்க வேண்டும் என்பதே எம் விருப்பம்.